காகித மடிப்புப் பட்டறை: கண், காது, கை மூன்றுக்கும் சேர்த்துக் கற்பிக்க ஒரு முழு வழிகாட்டி

கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் காகித மடிப்புச் சொல்லிக்கொடுக்கக் கிளம்பும் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரு கேள்வியோடு வருகிறார்கள். எந்தப் பிள்ளை பார்த்துக் கற்கும், எது கேட்டுக் கற்கும், எது செய்து கற்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஆசிரியப் பயிற்சியில் யாரோ கொடுத்த படிவத்தையும் சிலர் கையோடு எடுத்து வருவதுண்டு. பதினைந்து கேள்வி கேட்டு, பிள்ளைகளை மூன்று நான்கு வரிசையாகப் பிரித்து உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பிரிவினைக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தவர் நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் ஃபிளெமிங். 1987-இல் அவர் உருவாக்கிய ‘வார்க்’ என்ற முறை பார்த்தல், கேட்டல், படித்து எழுதுதல், செய்தல் என்று நான்கு விருப்பங்களைச் சொல்கிறது. அவரவர் விருப்பத்துக்கு ஏற்றபடி கற்பித்தால் கூடுதலாகக் கற்பார்கள் என்ற நம்பிக்கை அதன் பின்னே வளர்ந்தது. ஹரால்டு பாஷ்லரும் வேறு மூன்று உளவியலாளர்களும் 2008-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் துருவிப் பார்த்தார்கள். அந்த நம்பிக்கையைத் தாங்கும் அளவுக்கு முறையான சான்று இல்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. விருப்பம் இருப்பது உண்மைதான். எனக்குக்கூடப் படம் பார்க்கப் பிடிக்கும். அதற்காகப் படம் பார்த்தால்தான் எனக்கு ஏறும் என்று ஆகிவிடாது.

எனவே படிவத்தை மடித்து ஒரு கப்பல் செய்துவிடுங்கள். பட்டறையில் பிள்ளைகளைப் பிரிக்கத் தேவையில்லை, மடிப்புகளைப் பிரித்துப் பார்த்தால் போதும். மூலையோடு மூலை சேர்ப்பதைக் கண்ணால் பார்த்தாலே செய்துவிடலாம். தாளைத் திருப்பிப் போடுவதற்குச் சொல் வேண்டும், ஏனென்றால் திருப்பியதா, சுழற்றியதா என்பது பார்வையில் தப்பிவிடும். மடிப்புக்குள் உருவாகும் பையைத் திறந்து தட்டையாக்குவது கைக்கு மட்டுமே புரியும். எந்த மடிப்புக்கு எந்த வழி என்பதைத் தாள்தான் சொல்லும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு கணக்கில்தான் ஓடுகின்றன.

படி 1: காற்றையும் தாளையும் முதலில் கவனியுங்கள்

இராமநாதபுரம் கடற்கரையில் காகிதத்தின் முதல் எதிரி காற்று, இரண்டாவது ஈரம். கச்சான் காற்று எழுந்துவிட்டால் திறந்த திண்ணையில் உட்கார்ந்து மடிக்க முடியாது. மின்விசிறியை நிறுத்தினால் வியர்வை, ஓட விட்டால் தாள் பறக்கும். சன்னல்களில் காற்று வரும் பக்கத்தை மட்டும் மூடிவிட்டு, ஆளுக்கு ஒரு கூழாங்கல் கொடுங்கள். கரையில் ஒதுங்கிய பவளத் துண்டைப் பொறுக்கி எடுத்து வரச் சொல்லாதீர்கள். பவளம் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவும் பக்கத்திலேயே இருக்கிறது. கல் போதும்.

ஈரக் காற்றில் தாள் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் விரிகிறது. எல்லாப் பக்கமும் சமமாக அல்ல, நாரோட்டத்துக்கு, அதாவது தாளின் நார்கள் ஓடும் திசைக்கு, குறுக்கே கூடுதலாக. காலையில் துல்லியமாக வெட்டிய சதுரம் மாலையில் சற்றே நீள்சதுரமாக இருப்பதற்கு இதுவே காரணம். தாளைக் கட்டோடு பாலித்தீன் பைக்குள் வைத்து, மடிக்கும் நேரத்தில் மட்டும் எடுங்கள். வெட்டும் வேலையையும் அன்றைக்கே செய்யுங்கள்.

நாரோட்டம் எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள். நாரோட்டத்தோடு கிழித்தால் கோடு நேராக ஓடும், குறுக்கே கிழித்தால் வளைந்து பிசிறும். மெல்லிய தாளில் இது பெரிய விஷயமில்லை. சார்ட் அட்டையில் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து நார் வெளியே தெரியும். அங்கே மை தீர்ந்த பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டுப் பிறகு மடிக்க வேண்டும்.

தொடக்கக்காரர்களுக்கு 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நகலெடுக்கும் தாளே நல்லது. கிளேஸ் தாள் கண்ணைப் பறிக்கும், ஆனால் மடிப்பைத் திருத்தி மடித்தால் பழைய கோடு வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். தவறிவிட்டோமே என்று பிள்ளை தாளைக் கசக்கிப் போட்டுவிடும்.

படி 2: எதை மடிக்கப் போகிறீர்கள்?

முதல் உருவம் குவளை. சதுரத் தாள், ஐந்தாறு மடிப்பு, முடிந்ததும் தண்ணீர் ஊற்றிக் குடித்துப் பார்க்கலாம். பயன் உடனே தெரிவதால் பயம் போய்விடும். இரண்டாவது உருவம் கப்பல், இதற்கு ஏ4 தாள். சதுரத் தாளில் இந்தக் கப்பல் வராது என்பதைப் பலர் மடித்துக் கெடுத்த பிறகுதான் கண்டுகொள்கிறார்கள். கணக்கு எளிது. 297 மி.மீ. நீளத்தைப் பாதியாக மடித்தால் 148 மி.மீ. சொச்சம். அகலம் 210, அதில் பாதி 105. மேல் மூலைகள் இரண்டையும் நடுவுக்குக் கொண்டுவந்தால் முக்கோணம் 105 மி.மீ. உயரத்தை எடுத்துக்கொள்ளும், கீழே 4 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலான பட்டை மிஞ்சும். அந்தப் பட்டையை மேலே மடிப்பதால்தான் தொப்பியும் கப்பலும் வருகின்றன. சதுரத் தாளில் மிச்சமே இராது.

படி 3: படிநிலை அட்டை

பட்டறைக்கு ஒரே ஒரு கருவிதான் எடுத்துச் செல்லலாம் என்றால் நான் இதைத்தான் எடுத்துச் செல்வேன். கப்பலின் ஒவ்வொரு நிலையையும் தனித்தனித் தாளில் அந்த நிலை வரை மட்டும் மடித்து, வரிசையாக ஓர் அட்டையில் பொருத்துங்கள். பாதி மடித்தது, மூலைகள் நடுவுக்கு வந்தது, தொப்பி, பாதி திறந்த தொப்பி, முதல் சதுரம், முக்கோணம், பாதி திறந்த முக்கோணம், இரண்டாம் சதுரம், கப்பல். பாதி திறந்த நிலைகளை விட்டுவிடாதீர்கள். அச்சிட்ட வழிகாட்டிகள் விட்டுவிடுவது அவற்றைத்தான், பிள்ளைகள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான்.

ஒட்டாதீர்கள், மேல் ஓரத்தில் ஒரு நூல் கோத்துத் தொங்கவிடுங்கள். அப்போதுதான் பின்பக்கம் திருப்பிப் பார்க்கலாம், விரலை உள்ளே விட்டுப் பார்க்கலாம். படம் பார்ப்பவருக்கு இது படம், தொட்டுப் பார்ப்பவருக்கு மாதிரி, கூச்சப்பட்டுக் கேள்வி கேட்காதவருக்கு வாய் திறக்காத ஆசிரியர். அட்டையை ஒரு மூலையில் மாட்டாமல், எழுந்து வந்து பார்க்கும்படி நடுவில் வையுங்கள்.

கோட்டுப் படங்களையும் ஒதுக்க வேண்டியதில்லை. ஜப்பானின் அகிரா யோஷிசாவா 1950-களில் வகுத்துக்கொடுத்த குறிகளைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். விட்டுவிட்டுப் போகும் கோடு உள்பக்கமாக விழும் பள்ள மடிப்பு, கோடும் புள்ளியும் மாறி மாறி வந்தால் வெளிப்பக்கமாகப் போகும் முகட்டு மடிப்பு. இவற்றைப் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, அதுவும் ஓர் உருவத்தைக் கையால் முடித்த பிறகு அறிமுகப்படுத்துங்கள். செய்து முடித்ததன் படத்தை வாசிப்பது எளிது. செய்யாததன் படம் வெறும் கோடுதான்.

படி 4: திசைக்குப் பெயர் வையுங்கள்

பட்டறையில் அதிகம் குழப்புவது ‘இடப்பக்கம்’, ‘வலப்பக்கம்’, ‘மேலே’, ‘கீழே’ ஆகிய நான்கு சொற்கள். எதிரே நிற்கும் ஆசிரியரின் இடப்பக்கம் பிள்ளையின் வலப்பக்கம். மேசை மேல் கிடக்கும் தாளுக்கு ‘மேலே’ என்றால் கூரையா, தொலைவில் இருக்கும் ஓரமா?

இந்தக் கரையில் இதற்குக் கைவசம் தீர்வு இருக்கிறது. பாம்பன் தீவில் எல்லோருக்கும் வடகடல் எது, தென்கடல் எது என்று தெரியும். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். தங்கச்சிமடத்தில் பட்டறை என்றால் எல்லோரையும் வடக்குப் பார்த்து உட்கார வையுங்கள். தொலைவில் உள்ள ஓரம் வடகடல், வயிற்றை ஒட்டிய ஓரம் தென்கடல், இடக்கை ஓரம் பாம்பன், வலக்கை ஓரம் ராமேஸ்வரம். ‘வடகடல் ஓரத்தைத் தென்கடலோடு சேருங்கள்’ என்றால் எட்டு வயதுப் பிள்ளையும் தடுமாறாது. ‘பாம்பன் மூலையை நடுவுக்குக் கொண்டு வாருங்கள்’ என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள், சிரித்துக்கொண்டே சரியாக மடிப்பார்கள்.

ஒரு விதி மட்டும் முக்கியம். பெயர் தாளுக்கு அல்ல, மேசைக்கு. தாளைச் சுழற்றினால் புதிதாகத் தொலைவுக்குப் போன ஓரம்தான் இப்போது வடகடல். கீழக்கரையில் கடல் தெற்கே, தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் கிழக்கே. அந்த ஊர்களில் கடலைப் பார்த்து உட்கார வைத்து, தொலைவில் கடல் ஓரம், அருகில் கரை ஓரம் என்று சொன்னால் போதும். நீங்களும் அவர்களைப் போலவே அதே திசை பார்த்து உட்காருங்கள். முதுகு தெரிகிறதே என்று கூச்சப்பட வேண்டாம், தாளைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டலாம்.

மடிப்புக்கான ஏவல் சொற்களையும் முன்கூட்டியே முடிவு செய்து, கடைசி வரை மாற்றாமல் சொல்லுங்கள். சேர், நீவு, திற, திருப்பு, சுழற்று. ‘திருப்பு’ என்றால் பின்பக்கம் மேலே வரும். ‘சுழற்று’ என்றால் அதே பக்கம் மேலேயே இருக்கும். பயிற்றுநர் ஒரு முறை ‘அழுத்து’, மறுமுறை ‘தேய்’, இன்னொரு முறை ‘நல்லா வை’ என்றால் காதால் தொடர்பவர் முதலில் தொலைந்துபோவார்.

படி 5: நடத்தும் வரிசை

முதலில் முழு உருவத்தையும் ஒரு வார்த்தை பேசாமல் மடித்துக் காட்டுங்கள். எங்கே போய்ச் சேரப்போகிறோம் என்று தெரிந்துவிட்டால் நடுவழிக் குழப்பம் பாதி குறையும். பேச்சும் கையும் ஒரே நேரத்தில் ஓடினால் பார்ப்பவர் கண்ணும் கேட்பவர் காதும் சண்டை போடும்.

பிறகு இரண்டிரண்டு மடிப்பாகப் போங்கள். சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், கையை நிறுத்துங்கள், அவர்கள் செய்யட்டும். காட்டும் தாள் அவர்களுடையதைப் போல் இரு மடங்கு பெரிதாகவும், இரு பக்கமும் இரு நிறமாகவும் இருக்க வேண்டும். செய்தித்தாளின் ஒரு பக்கத்தில் பட்டத்தாள் ஒட்டினால் காரியம் முடிந்தது.

ஒவ்வொரு மடிப்பையும் நகத்தாலோ ஐஸ்கிரீம் குச்சியாலோ நீவச் சொல்லுங்கள். நீவும் நேரம்தான் பின்தங்கியவர் எட்டிப் பிடிக்கும் நேரம்.

கையில் தாளோடு இருப்பவர்களிடம் நீண்ட விளக்கம் சொல்லாதீர்கள், யாரும் கேட்கமாட்டார்கள். காகிதத்தின் வரலாறு, ஓரிகாமி என்னும் ஜப்பானியக் காகித மடிப்பின் பெருமை எல்லாம் தாள் கொடுக்கும் முன்பு இரண்டு நிமிடம், அல்லது வேண்டவே வேண்டாம்.

ஒரு பயிற்றுநருக்குப் பன்னிரண்டு, பதினைந்து பேர் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால் உதவிக்கு ஆள் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை சீர் செய்துகொண்டிருக்கும் அண்ணன்மாரையும் சித்தப்பாமாரையும் பட்டறைக்கு அழைத்துப் பாருங்கள். கிழிந்த கண்ணியை விரலாலேயே தேடிப் பிடிக்கும் கைகள் அவை. அரைமணி நேரத்தில் குவளை கற்றுக்கொண்டு பிள்ளைகளுக்கு உதவ வந்துவிடுவார்கள். ஓலைப்பெட்டி முடையும் பெண்கள் இன்னும் தேர்ந்தவர்கள், மடிப்பின் மேல் மடிப்பு எப்படி இறுகும் என்று அவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

படி 6: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

கப்பலில் ஒரு நிலை இருக்கிறது. தொப்பி முடிந்துவிட்டது. அடுத்து அதைத் திறந்து சதுரமாக்க வேண்டும். இங்கேதான் அறையில் ‘டீச்சர், டீச்சர்’ என்ற குரல் எழும். இதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கண்ணால் மட்டும் பார்ப்பவருக்கு இங்கே தட்டையான முக்கோணம் ஒரு கணத்தில் தட்டையான சதுரமாகிவிடுகிறது. இடையில் அது முப்பரிமாணமாக வாயைத் திறந்ததை அவர் கண்டிருக்க மாட்டார். ஆகவே இங்கே காட்டுவதை நிறுத்திவிட்டுத் தொட வையுங்கள். இரண்டு கட்டை விரல்களையும் தொப்பிக்குள் விடச் சொல்லுங்கள், தலையில் மாட்டப்போவது போல. உள்ளே வெற்றிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ‘இருக்கிறது’ என்று எல்லோரும் சொன்ன பிறகே அடுத்த சொல். இப்போது முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் விலக்கி இழுங்கள், பாம்பன் மூலையும் ராமேஸ்வரம் மூலையும் ஒன்றையொன்று தொடும் வரை. அவை சந்திக்கும் இடத்தில் பட்டையின் நுனிகள் இடிக்கும். ஒன்றை மற்றொன்றின் அடியில் செருகுங்கள். பிறகுதான் நீவல்.

செருகாமல் நீவியவர்களுக்குச் சதுரத்தின் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் பிளந்தும் இருக்கும். கடைசியில் கப்பல் ஒரு பக்கமாகச் சாயும். அதை முன்பே சொல்லாதீர்கள், தண்ணீரில் விட்டுப் பார்க்கட்டும். சாய்ந்த கப்பலைப் பிரித்துக் காரணத்தைத் தானே கண்டுபிடித்த பிள்ளை அந்தச் செருகலை மறக்காது.

இரண்டாவது முறை திறக்கும்போது இதே அசைவுதான். ஆகவே அப்போது நீங்கள் காட்டவே வேண்டாம், ‘முன்பு செய்ததையே செய்யுங்கள்’ என்று மட்டும் சொல்லி விலகுங்கள். யார் கை தானாகத் திறக்கிறது, யார் அட்டையைப் பார்க்க எழுந்து வருகிறார், யார் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறார் என்று கவனியுங்கள். படிவம் சொல்லாத செய்தி இதில் கிடைக்கும். அடுத்த வாரமே அது மாறவும் கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றை உறுதியாகச் சொல்வேன். பிள்ளையின் தாளைக் கையில் வாங்கி நீங்கள் மடித்துக்கொடுக்காதீர்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் தாளில் அதே நிலையைச் செய்து காட்டுங்கள். வாங்கி மடித்துக்கொடுத்த கப்பல் உங்கள் கப்பல். பிள்ளை வீட்டுக்குப் போய் அதைத் திரும்பச் செய்ய முடியாமல் விழிக்கும்.

படி 7: வரிசையில் அடங்காதவர்கள்

முந்திக்கொண்டு ஓடுபவர் எல்லா அறையிலும் ஒருவர் உண்டு. அவரை அடக்க வேண்டாம். அதே கப்பலை அஞ்சலட்டை அளவுத் தாளில், பிறகு பஸ் டிக்கெட் அளவில் மடிக்கச் சொல்லுங்கள். அளவு சுருங்கச் சுருங்கத் துல்லியம் கூடியே ஆக வேண்டும், தலைக்கனம் தானாக இறங்கும்.

‘ஏன்’ என்று கேட்கும் பிள்ளையும் உண்டு. மூலையை எதிர்மூலையோடு சேர்த்தால் ஏன் சரிபாதி? அவரைக் கைவினைப் பக்கமே நிறுத்திவைக்காமல் கணக்குப் பக்கம் அனுப்புங்கள். நம் மண்ணிலேயே அதற்கு முன்னோடி இருக்கிறார். காகித மடிப்பு வழியாகவே வடிவியலை விளக்கும் நூலை சுந்தர ராவ் 1893-இல் சென்னையில் வெளியிட்டார். குழந்தைப் பள்ளிகளுக்கு ஜெர்மன் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபிரோபெல் வகுத்த காகித மடிப்புப் பயிற்சியே அதற்குத் தூண்டுதல். குவளையின் முக்கோணத்தைப் பிரித்து, எந்தெந்தக் கோணம் 45 பாகை என்று தேட விடுங்கள்.

பார்வைக் குறைபாடுள்ளவர் வந்தால் சற்றே விறைப்பான தாள் கொடுங்கள், நீவிய தடம் விரலுக்குத் தெரிய வேண்டும். திசைப் பெயர்களும் ஐந்து ஏவல் சொற்களும் அவருக்கு மிகவும் உதவும். படிநிலை அட்டையை அவர் கைக்கு முதலில் கொடுங்கள். கை பிடித்து மடிக்க உதவுவதாக இருந்தால் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு மடிப்பில் தடையில்லை, கத்தரிக்கோலில்தான் சிக்கல். இடக்கைக் கத்தரி கிடைக்காவிட்டால் ஸ்கேல் வைத்துக் கிழிக்கப் பழக்குங்கள்.

பாட்டிமார் வந்தால், ‘எனக்கு என்ன தெரியும், ஆத்தா’ என்று ஒதுங்கி உட்காருவார்கள். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், பேத்தியின் தாளை வாங்கித் தனக்குத் தெரிந்த கத்திக்கப்பலை மடித்துக்கொண்டிருப்பார்கள். அன்றைய பாடத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அவரைக் கற்பிக்கச் சொல்லுங்கள்.

படி 8: இரண்டாம் நாள், பாலம்

மடிப்பு கைவந்தவர்களுக்கு வெட்டும் வேலை. இந்தக் கரையில் பாம்பன் பாலத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரு கதவுகளாகப் பிரிந்து மேலே எழுந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக உயர்கிறது. இரண்டையும் சார்ட் அட்டையில் செய்யலாம்.

பழையதற்கு இரண்டு மடிப்புக் கீல்கள் போதும். இரு பக்கமும் ஒவ்வொரு பட்டை, நடுவில் சந்திக்கும், விரலால் தூக்கினால் விரியும். புதியதற்கு இரண்டு தூண்களில் நீளமான பிளவு வெட்டி, அதன் வழியாக ஒரு பட்டையை மேலும் கீழும் ஓட விட வேண்டும். பிளவு பட்டையைவிட 2 மி.மீ. அகலமாக இருக்கட்டும், ஈரத்தில் அட்டை உப்பினால் சிக்கிக்கொள்ளும்.

முதலாவதில் வரைபடம் தேவையே இல்லை, மடித்துப் பார்த்தே வந்துவிடும். இரண்டாவதில் அளந்து வரையாமல் வெட்டினால் கண்டிப்பாகக் கோணும். முதல் நாள் கையால் மட்டுமே செய்து பெயர் வாங்கியவர் இங்கே ஸ்கேலைத் தேடுவார். கட்டம் போட்டு எழுதும் அமைதியான பிள்ளை திடீரென்று முன்னுக்கு வருவாள். இருவரையும் ஒரே பாலத்துக்கு அமர்த்துங்கள், ஆளுக்கொரு தூண்.

படி 9: உண்மையில் கற்றார்களா என்று பார்ப்பது

மடித்து முடித்த கப்பலை வைத்து முடிவு செய்யாதீர்கள், பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் செய்திருக்கலாம். அட்டையை மூடுங்கள், மாதிரிகளை ஒளித்து வையுங்கள், புதிய தாள் கொடுத்து நினைவிலிருந்தே மடிக்கச் சொல்லுங்கள். நினைவைத் தோண்டி எடுப்பதே நினைவை வலுப்படுத்துகிறது, திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட இது கூடுதலாக நிலைக்கும். இதற்குப் பிறகு அடுத்தவருக்கு வாயால் மட்டும் சொல்லி மடிக்க வைக்கச் சொல்லுங்கள், சொல்பவர் கை பின்னால் கட்டியிருக்க வேண்டும். எந்த இடத்தில் அவர் கை தானாக முன்னால் வருகிறதோ, அந்த மடிப்புக்கு அவரிடம் இன்னும் சொல் இல்லை என்று பொருள்.

வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு இரண்டு ஏ4 தாள் கூடுதலாகக் கொடுங்கள். ஒன்று மறுநாள் காலையில், மற்றொன்று அடுத்த வாரம் மடிக்க. அடுத்த பட்டறையை முன்னுரை இல்லாமல் வெறும் தாளோடு தொடங்கி, யார் எந்த மடிப்பில் நிற்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் ஒரே மடிப்பில் நின்றால் அந்த மடிப்பைச் சொன்ன விதத்தை மாற்றுங்கள். காட்டியிருந்தால் தொட வையுங்கள், தொட வைத்திருந்தால் பெயர் கொடுத்துச் சொல்லுங்கள்.